புறம்போக்கு வானில் ஒரு காவற்காரன்

வாயில் நிலைக்கு மேலே பதித்துவைத்த காவல் கேமரா, பகலெல்லாம் காகத்தையும் தபால்காரரையும் தவறாமல் காட்டிவிட்டு, நள்ளிரவில் நாய் குரைக்கும்போது மட்டும் ‘கேமரா இணைப்பில் இல்லை’ என்று கைபேசியில் ஒரு வரியை எழுதிக் காட்டி ஓய்ந்துவிடுகிறது என்ற முறையீட்டை இன்று கேளாத தெரு இல்லை. கேமராவை விற்றவர் ரூட்டரின் மேல் பழி போடுகிறார். இணையத் தொடர்பு தருபவர் சுவரின் கனத்தைக் காரணம் காட்டுகிறார். மாட்டிவிட்டுப் போனவரோ, ‘ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’ என்ற சர்வரோக நிவாரணியைத் தொலைபேசியிலேயே வழங்கிவிட்டு அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விடுகிறார். மூவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், அந்தக் கேமரா எந்த வானத்தின் வழியாகப் பேசுகிறதோ அந்த வானத்தின் பூர்வ சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு, அது அடிக்கடி தொடர்பை இழப்பதில் ஆச்சரியம் ஒன்றும் தோன்றாது. இவ்வளவு நேரமாவது இழக்காமல் நிற்கிறதே என்பதுதான் ஆச்சரியமாகத் தோன்றும்.

வீட்டு வாயிலைத் தொலைக்காட்சி யந்திரம் கொண்டு காக்கலாம் என்று முதன்முதலாக முறைப்படி எழுதிக்கொடுத்தவர் ஒரு தாதி. நியூயார்க் மாநகரின் குவீன்ஸ் பகுதியில், ஜமைக்கா என்ற பேட்டையில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினப் பெண்மணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. கணவர் ஆல்பர்ட் பிரவுன் மின்னணுக் கருவிகளில் தேர்ந்த தொழிலாளி. இருவருடைய வேலை நேரமும் ஒழுங்கற்றதாகையால், அகால வேளைகளில் வீட்டில் தனித்திருக்க நேர்ந்த அம்மையாருக்குக் கதவு தட்டும் ஓசையே கலக்கத்தை உண்டாக்கியது. அவர் வசித்த பேட்டையில் குற்றங்கள் பெருகியிருந்தன. கூப்பிட்டால் போலீஸார் வந்து சேரத் தாமதமாகும். 1966 ஆகஸ்டு 1-ஆம் தேதி தம்பதியர் இருவரும் சேர்ந்து பேடண்ட் விண்ணப்பம் கொடுத்தார்கள். 1969 டிசம்பர் 2-ஆம் தேதி 3,482,037 என்ற எண்ணில் அது அவர்களுக்கு வழங்கப்பட்டது. அதே மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அச்செய்தியை வெளியிட்டது.

அந்தப் பேடண்டின் படங்களை நிதானமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு குடும்பப் பெண்ணின் யோசனை அதில் ஒவ்வோர் அங்கத்திலும் தெரியும். கதவிலே ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு துவாரங்கள். நெட்டையானவர் வந்தாலும் குட்டையானவர் வந்தாலும் சிறு குழந்தை வந்து நின்றாலும் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக, கதவின் உட்புறத்தில் கேமரா மேலும் கீழும் நகர்ந்து உரிய துவாரத்தின் எதிரே போய் நிற்கும். படுக்கையறையில் இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியில் வந்தவரின் உருவம் விழும். படுக்கையை விட்டு எழாமலே அவரோடு பேசலாம். தெரிந்தவரானால் ஒரு விசையை அழுத்திக் கதவுத் தாழைத் திறக்கலாம். ஐயத்துக்கு இடமானவரானால் இன்னொரு விசையை அழுத்திக் காவலரை உஷார்ப்படுத்தலாம். இன்று பெட்டியில் அடைத்து விற்கப்படும் எந்தக் காவல் கேமராவும், அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்த அம்மையார் எண்ணாத காரியம் ஒன்றைச் செய்கிறது என்று சொல்லுவதற்கில்லை. செலவு மிகுதியாகும் என்பதால் அக்காலத்தில் அது வீடுகளில் பரவவில்லை.

இதற்கும் முன்பு, 1942-ல், ஜெர்மனியின் பேனமுண்டே கடற்கரையில் ராக்கெட்டுகள் கிளம்புவதை அபாயமில்லாத தொலைவிலிருந்து பார்ப்பதற்காக வால்டர் புரூக் என்ற பொறியாளர் தொலைக்காட்சி யந்திரத்தை அமைத்ததுண்டு. அங்கே படம் கம்பி வழியாகத்தான் சென்றது. கம்பி எங்கேயிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்த்து அறியலாம். அறுந்தால் அறுந்த இடத்தைக் கண்டு முடியலாம். கம்பியை விட்டு வானத்தை நம்பத் தொடங்கிய பிறகுதான் நம்முடைய கதையில் சங்கடம் புகுந்தது.

அந்த வானத்தின் கதை ஒரு சமையல் யந்திரத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராடாருக்கு வேண்டிய மாக்னெட்ரான் குழல்களை ஏராளமாகச் செய்துகொண்டிருந்த ரேதியான் என்ற அமெரிக்கக் கம்பெனியில், பெர்ஸி ஸ்பென்சர் என்ற பொறியாளர், இயங்கிக்கொண்டிருந்த குழல் ஒன்றின் அருகே நின்றபோது சட்டைப் பையிலிருந்த மிட்டாய் உருகிப்போனதைக் கவனித்தார். கவனித்ததோடு நிற்காமல் சோளத்தைக் கொண்டுவரச் செய்து பொரித்துப் பார்த்தார். 1945 அக்டோபரில் பேடண்டுக்கு விண்ணப்பித்தார். 1947-ல் விற்பனைக்கு வந்த அந்த அடுப்பு ஆள் உயரம் இருந்தது. ஏறக்குறைய 340 கிலோ எடை. குளிரவைக்கத் தண்ணீர்க் குழாய் இணைப்பு வேறு வேண்டும். ஹோட்டல்களும் கப்பல்களும் தவிர வேறு யார் அதை வாங்குவார்கள்? சமையல் மேடையில் வைக்கத் தக்க சிறிய அடுப்பு 1967-ல்தான் 495 டாலர் விலையில் வந்தது.

அடுப்பு பிறந்த அதே 1947-ல், அட்லாண்டிக் ஸிடி என்ற அமெரிக்கக் கடற்கரைப் பட்டினத்தில் சர்வதேச வானொலி மாநாடு கூடிற்று. யுத்தம் முடிந்து, வானொலி நிலையங்களும் கப்பல்களும் விமானங்களும் ராடார்களும் தத்தமக்கு வானத்தில் பங்கு கேட்டு நின்ற காலம் அது. இன்ன அலைவரிசை இன்னாருக்கு என்று பாகப்பிரிவினை செய்தவர்கள், செய்தி அனுப்புவதற்காக அல்லாமல் சூடேற்றவும் உலர்த்தவும் வைத்தியம் செய்யவும் அலைகளை எழுப்பும் யந்திரங்களுக்கென்று சில துண்டுகளை ஒதுக்கிவைத்தார்கள். அத்துண்டுகளில் ஒன்று 2,450 மெகாஹெர்ட்ஸை நடுவாகக் கொண்டது. அங்கே கூச்சல் இருக்கத்தான் செய்யும், அதைப் பொறுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறவர்கள் வேண்டுமானால் அங்கே பேசிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஊரில் பட்டா நிலங்களுக்கெல்லாம் எல்லைக்கல் நட்ட பிறகு, களம் அடிக்கவும் மாடு கட்டவும் எருக் கொட்டவும் விட்டுவைத்த புறம்போக்கைப் போன்றது அது. அங்கே யார் வேண்டுமானாலும் பந்தல் போடலாம். பக்கத்துப் பந்தற்காரன் பறை கொட்டுகிறான் என்று தாசில்தாரிடம் போய் முறையிட முடியாது.

ஏறத்தாழ 40 ஆண்டுகள் அந்தப் புறம்போக்கில் அடுப்புகளைத் தவிர அதிக நடமாட்டம் இல்லை. அமெரிக்க மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்தில் பணியாற்றிய மைக்கேல் மார்க்கஸ் என்ற பொறியாளர், ராணுவத்தார் அதுவரையில் ரகசியமாகக் கையாண்டுவந்த ஓர் உபாயத்தை, அதாவது செய்தியை ஒரே அலையில் ஏற்றாமல் அகன்ற அலைவரிசை முழுவதிலும் பரப்பி அனுப்பும் முறையை, பொதுமக்களும் உரிமச் சீட்டில்லாமல் பயன்படுத்தலாம் என்று வாதாடினார். வானொலித் தொழிலில் வேரூன்றியவர்களுக்கு இது ரசிக்கவில்லை. எனினும் 1985 மே 9-ஆம் தேதி ஆணையம் அம்முறைக்கு அனுமதி அளித்தது. 902 முதல் 928 வரையிலும், 2,400 முதல் 2,483.5 வரையிலும், 5,725 முதல் 5,850 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் மூன்று துண்டுகள் திறந்துவிடப்பட்டன. இந்த அனுமதிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: உரிமம் பெற்றவருக்கு உன் கருவி இடையூறு செய்யலாகாது, உன் கருவிக்கு எவர் இடையூறு செய்தாலும் நீ சகித்துக்கொள்ள வேண்டும். வாயிலில் தொங்கும் காவற்காரனின் நியமன உத்தரவில் இந்த இரண்டாவது நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது என்பதை, அவனை விற்கும் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடுவார் யாரும் இல்லை.

திறந்துவிட்ட இடத்தில் முதலில் குடியேறியவை கல்லாப்பெட்டிகள் என்றால் சிலருக்கு நம்பிக்கை வராது. கடைகளுக்குக் கணக்கு யந்திரங்கள் செய்துவந்த என்சிஆர் என்ற கம்பெனிக்கு ஒரு தொல்லை: பெரிய கடைக்காரர்கள் பருவத்துக்கொரு முறை அலமாரிகளை இடம் மாற்றும்போதெல்லாம் கல்லாப்பெட்டிகளின் கம்பிகளையும் பெயர்த்துப் பெயர்த்துப் பதிக்க வேண்டியிருந்தது. நெதர்லாந்தில் உட்ரெக்டை அடுத்து அமைந்திருந்த அக்கம்பெனியின் பொறியாளர்கள் கம்பியை ஒழிப்பதற்காக வேவ்லேன் என்ற கருவியைச் செய்தார்கள். அவர்களில் ஒருவரான விக் ஹேய்ஸ், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பாஷை பேசாதிருக்கும் பொருட்டுப் பொதுவிதி வகுக்கும் குழுவுக்கு 1990 முதல் பத்தாண்டுக் காலம் தலைமை தாங்கினார். 1997-ல் 802.11 என்ற எண்ணுடைய விதி பிறந்தது. வேகம் வினாடிக்கு 2 மெகாபிட். 1999-ல் அது 11 மெகாபிட் ஆயிற்று. அந்த ஆண்டிலேயே வைஃபை என்ற பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது.

ஹெடி லமார் என்ற ஹாலிவுட் நடிகையும் ஜார்ஜ் ஆன்டெய்ல் என்ற சங்கீத வித்வானும் 1942-ல் பெற்ற பேடண்டே வைஃபையின் ஊற்றுக்கண் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. டார்ப்பிடோவுக்குச் செல்லும் கட்டளையைப் பகைவர் குலைக்காதபடி, தானியங்கிப் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருளைப் போல் ஒரு சுருளைக் கொண்டு 88 அலைவரிசைகளுக்கிடையே தாவித் தாவி அனுப்பும் அந்த யோசனை மெய்யாகவே மேதைமை வாய்ந்தது. தாவும் முறை 1997 விதியில் ஒரு பிரிவாக இடம்பெற்றதும் உண்டு. ஆனால் பின்பு நிலைத்து வளர்ந்தவை வேறு முறைகளாகையால், வைஃபையின் தாய் என்ற பட்டம் அந்த அம்மையாருக்குச் சற்று மிகையே என்பது என் அபிப்பிராயம். அதைவிட நெருங்கிய உறவு கொண்டாடக்கூடியவர் ஹவாய் பல்கலைக்கழகத்தில் 1971-ல் தீவுகளுக்கிடையே கணிப்பொறிச் செய்திகளை வானொலியில் அனுப்பிய நார்மன் ஏப்ரம்சன். எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசலாம். இருவர் ஒரே சமயத்தில் பேசி இரண்டு பேச்சும் கெட்டுவிட்டால், இருவரும் தத்தம் போக்கில் ஏதோ ஓர் இடைவெளி விட்டு மறுபடியும் பேச வேண்டும். இதுவே அவர் கண்ட முறை. அந்த ஆதி முறையில் வானத்தின் கொள்திறனில் நூற்றுக்கு 18 பங்குக்குமேல் பயன்படுத்த முடியாது என்பது கணக்கிலேயே தெளிந்தது. வைஃபை அதைத் திருத்தி, பேசுமுன் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்ற நாகரிகத்தைச் சேர்த்துக்கொண்டது. கூட்டம் குறைவாக உள்ள இடத்தில் இந்த நாகரிகம் அழகாகவே நடைபெறும். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு ரூட்டர் வீதம் இருபது ரூட்டர்கள் இரவு எட்டு மணிக்கு ஒருங்கே வாய் திறக்கும்போது, கோடியிலிருக்கும் கேமராவுக்கு முறை வந்து சேர்வதற்குள் அதனுடைய பொறுமையே தீர்ந்துவிடுகிறது.

இதற்கிடையில் கேமரா கணிப்பொறியோடு சிநேகம் கொண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறிக் கூடத்தில், மாடியேறிப் போய்க் காலிப் பாத்திரத்தைக் கண்டு திரும்பும் ஏமாற்றத்தைத் தவிர்ப்பதற்காக, 1991-ல் ஆராய்ச்சியாளர்கள் காப்பிப் பாத்திரத்தின் எதிரே ஒரு கேமராவை நிறுத்தினார்கள்; 1993-ல் அந்தப் படம் இணையத்தில் உலகமெங்கும் தெரிந்தது. 1996-ல் ஸ்வீடனின் லூண்ட் நகரத்து ஆக்ஸிஸ் கம்பெனி, கணிப்பொறி வலையில் நேராகவே பூட்டத்தக்க முதல் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2009-ல் ட்ராப்கேம் என்ற கம்பெனி தோன்றியதற்கு, அதை நிறுவியவர்களில் ஒருவரின் தந்தை, தம் புல்தரையை அசுத்தம் செய்யும் நாய் எந்த அயலாருடையது என்று கண்டுபிடிக்க விரும்பியதே காரணம் என்பார்கள். ஐந்தாண்டுகளுக்குள் கூகுளின் நெஸ்ட் பிரிவு அதை 55 கோடி டாலருக்குமேல் கொடுத்து வாங்கிற்று. நாயின் பராக்கிரமம் அவ்வளவு!

கம்பியில்லாக் கேமராக்கள் மலிந்த தொடக்கக் காலத்து விபரீதம் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இணையத்தில் எங்கே திரும்பினாலும் விளம்பரமாய் வந்து நின்ற எக்ஸ்10 கேமரா, அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் துண்டில், மறைக்குறி ஏதுமில்லாமல், திறந்த படமாகவே ஒலிபரப்பிற்று. 2002-ல் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவர் இத்துறை நிபுணர் ஒருவரோடு நியூ ஜெர்ஸி வீதிகளில் காரில் போய்க்கொண்டே, மலிவான ஏற்புக்கருவி ஒன்றைக் கொண்டு, பிள்ளைகளைக் கவனிக்க வைத்த கேமராக்களின் வழியே வீடுகளின் உட்புறத்தைக் கண்டார். வீட்டைக் காக்க வைத்த கண், வீதிக்கு வீட்டைத் திறந்து காட்டியது. நம்முடைய கேமராக்கள் இணைப்பை இழந்து நம்மை வருத்துவதற்கு ஒரு சிறு பங்கு இந்தப் பழைய அனுபவத்துக்கும் உண்டு. இப்போது கேமரா தன் அடையாளத்தை மெய்ப்பித்து, சாவி மாற்றிக்கொண்டு, மறைக்குறியில் பேச வேண்டியிருப்பதால், அரைகுறைச் சிக்னலில் மங்கலாகவேனும் படம் காட்டும் பழைய வழக்கம் ஒழிந்தது. ஒன்று தெளிவாகத் தெரியும், அல்லது அடியோடு போய்விடும்.

நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் துண்டு 2005 ஜனவரியில் உரிமம் வேண்டாததாக அறிவிக்கப்பட்டது. பிறருக்கு இடையூறு செய்யாமலும், பாதுகாப்புக் கோராமலும், தனியுரிமை பாராட்டாமலும் பயன்படுத்தலாம் என்பதே இங்கும் ஷரத்து. அமெரிக்காவில் அத்துண்டின் 11 வாய்க்கால்களே, அதாவது சானல்களே, பொதுப் புழக்கத்தில் உள்ளன. இங்கே 13 வரையில் உண்டு. இந்த இரண்டு எண் வித்தியாசத்தில் ஒரு வேடிக்கை நிகழும். வாய்க்காலைத் தானே தேர்ந்துகொள்ளும்படி விடப்பட்ட ரூட்டர், நெரிசலுக்கு அஞ்சி ஒருநாள் இரவு 13-க்கு மாறிவிடும். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்பட்டு உறவினர் பெட்டியில் இங்கே வந்த கேமரா, 11-க்கு அப்பால் உலகமே இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பதால், தேடித் தேடி அலையும். கைபேசியில் வைஃபை நன்றாக வேலை செய்யும். கேமரா மட்டும் வேலை செய்யாது. வாய்க்காலை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றாக நிலைநிறுத்திவிட்டால் தீர்ந்தது. ஒன்றன்மேல் ஒன்று விழாமல் அத்துண்டில் அடுத்தடுத்துக் கொள்ளக்கூடியவை இந்த மூன்றே.

குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் நடந்ததைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. 64 மீட்டர் குறுக்களவுள்ள அந்த வானொலித் தொலைநோக்கியில் 1998 முதற்கொண்டு அவ்வப்போது இனம் தெரியாத துடிப்புகள் பதிவாகிவந்தன. அண்டவெளியிலிருந்து வரும் உண்மையான துடிப்புகளை அவை பெரிதும் ஒத்திருந்தன. ஆனால் அவை அலுவல் நேரத்தில்தான் வந்தன, நள்ளிரவில் வருவதில்லை. பல ஆண்டுகள் விடை கிடைக்காமலிருந்த அந்த மர்மத்தை 2015-ல் எமிலி பெட்ராஃப் என்ற ஆராய்ச்சி மாணவியும் அவருடைய கூட்டாளிகளும் தீர்த்தார்கள். இடையூறுகளைக் கண்காணிக்கப் புதிதாக வைத்த கருவி, அந்தத் துடிப்பு வரும்போதெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஓர் அதிர்வு எழுவதைக் காட்டிக்கொடுத்தது. நிலையத்துச் சமையலறையில் யாரோ, அடுப்பு தானாக மணியடித்து நிற்கும்வரை பொறாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்திருக்கிறார்கள். மாக்னெட்ரான் அணையும் அந்த ஒரு கணத்தில் தப்பிய அலைகளைத் தொலைநோக்கி ஏந்திக்கொண்டது.

இதில் ஒரு வினோதமான தொடர்பும் இருக்கிறது. பார்க்ஸ் தொலைநோக்கியை நடத்தும் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசாங்க ஸ்தாபனத்தில்தான், வெடித்து மறையும் கருந்துளைகளின் வானொலித் துடிப்பை முன்னொரு காலத்தில் தேடி வெற்றி காணாத ஜான் ஓ’சலிவன், அந்தத் தேடலில் கற்ற கணிதத்தைக் கொண்டு, அறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலிகளால் கம்பியில்லாச் செய்தி குழம்புவதற்குத் தம் குழுவினரோடு 1990-களின் தொடக்கத்தில் பரிகாரம் கண்டார். செய்தியைப் பல மெல்லிய இழைகளாகப் பிரித்து, ஒவ்வோர் இழையையும் நிதானமாக அனுப்பும் அம்முறை இன்றைய வைஃபையின் உயிர்நாடிகளில் ஒன்று. எதிரொலியை வென்ற அந்த நிலையத்தார் சமையலறை அடுப்பைக் கண்டுபிடிக்க 17 ஆண்டுகள் ஆயின என்றால், நம் வீட்டுக்கு வரும் பையன் பத்து நிமிஷத்தில் கண்டுபிடிக்கவில்லை என்று கோபித்துக்கொள்வது நியாயம் அல்ல.

அடுப்பின் தீங்கு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டால் மலைப்பு உண்டாகும். அடுப்புக்குள்ளே பல நூறு வாட் சக்தி சுழல்கிறது. கேமரா பேசுவதோ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில். அப்பேச்சு இரண்டு சுவர்களையும் ஒரு மாடிப்படியையும் கடந்து ரூட்டரை அடையும்போது, ஒரு வாட்டை ஆயிரம் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். அந்த அளவைத்தான் கருவிகளில் ‘மைனஸ் 70’ என்று குறிக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் தடுமாற்றம் நிச்சயம். ஆகவே உடம்புக்குக் கெடுதல் செய்யாத நுண்ணிய கசிவுகூட ரூட்டரின் காதை அடைத்துவிடும். சாதாரண வீட்டு அடுப்பில் மாக்னெட்ரான் மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரமே எரிகிறது. நம் நாட்டுக் கணக்கில் வினாடியில் 50 முறை எழுந்து 50 முறை அடங்குகிறது. அந்த நூற்றிலொரு வினாடி இடைவெளிகளில் நுழைந்து நுழைந்துதான் கேமரா தன் படத்தைக் கடத்துகிறது. அதனால்தான் சாம்பாரைச் சூடாக்கும்போது படம் அடியோடு போகாமல் திக்கித் திக்கி வருகிறது.

நெரிசலுக்கு அஞ்சி 5 கிகாஹெர்ட்ஸுக்குக் குடிபெயரலாமே என்பார்கள். அந்த வீட்டிலும் மூத்த குடி ஒருவர் உண்டு: ராடார். 2003-ல் கூடிய உலக வானொலி மாநாடு அவ்வலைவரிசையின் பெரும்பகுதியை வைஃபைக்குத் திறந்துவிட்டபோது, ராடாரின் ஒலி கேட்டால் பத்து வினாடிக்குள் விலகிவிட வேண்டும், அரை மணி நேரம் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது, மறுபடி நுழையுமுன் ஒரு நிமிஷம் மௌனமாக உற்றுக்கேட்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் அதனோடு வந்தன. விமான நிலையத்துக்கோ வானிலை ராடாருக்கோ அருகில் குடியிருப்பவரின் ரூட்டர் இந்தக் கட்டளைக்குப் பணிந்து இடம் மாறும்போது கேமரா நிர்க்கதியாகிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவருக்குள் ஊடுருவுவதிலும் சோனியானது. வாயிலுக்கு அது தோதுப்படாது.

இவ்வளவும் சொன்னபின், வானத்தின் மேல் எல்லாப் பழியையும் போடுவதும் தப்பு என்று சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்ததும் போய்விடுகிற கேமராவைப் பற்றிச் சற்று யோசிக்கலாம். பகலில் ஓயாமல் வேலை செய்கிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் ‘டிக்’ என்று ஒரு சன்னமான ஓசை எழும். இரண்டொரு நிமிஷத்தில் இணைப்பு போய்விடும். அந்த ‘டிக்’ ஓசை, இருட்டைக் கண்ட கேமரா, கண்ணாடிக்கு உட்புறத்திலுள்ள வடிகட்டியை விலக்கிக்கொண்டு, அகச்சிவப்பு விளக்குகளை ஏற்றுவதன் அடையாளம். அதுவரை கொஞ்சம் மின்சாரத்தில் ஜீவித்த கருவிக்குத் திடீரென்று அதிகம் தேவைப்படுகிறது. உள்ளே கூடத்துப் பிளக்கில் மாட்டிய சிறு அடாப்டரிலிருந்து, ஜன்னல் வழியாக, சுவரைச் சுற்றி, சணல் போன்ற மெல்லிய நீளக் கம்பியில் வரும் 5 வோல்ட், கேமராவை அடைவதற்குள் நாலரையாகவும் அதற்குக் கீழாகவும் இளைத்துவிடுகிறது. கேமரா அணைகிறது, பாரம் நீங்கியதும் மறுபடி எழுகிறது, எழுந்து விளக்கேற்றியதும் மறுபடி அணைகிறது. வீட்டுக்காரரோ ரூட்டரைக் குறைகூறி இரண்டாவது ரூட்டரும் வாங்கிவிடுகிறார். தடித்த கம்பியும் நல்ல அடாப்டரும் போட்டிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய வியாதி இது.

மின்வெட்டு உள்ள ஊர்களில் இன்னொன்றும் பார்க்கலாம். கேமரா இன்வெர்ட்டர் லைனில் இருக்கும்; ரூட்டர் அதில் இராது. மின்சாரம் திரும்பி, ரூட்டர் நிதானமாகக் கண்விழித்து, இணையத்தைப் பிடித்து நிலைகொள்ளுமுன், சில மலிவுக் கேமராக்கள் இரண்டு மூன்று முறை அழைத்துப் பார்த்துவிட்டுச் சலித்துச் சும்மா இருந்துவிடும். யாராவது ஏணி போட்டு ஏறிப் பிடுங்கிச் சொருகினால்தான் உயிர் வரும். 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் சூட்டிய ரூட்டர்கள் செய்யும் குழப்பம் வேறு. இவற்றைத் தவிர, வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும், கடல் கடந்த ஊரில் உள்ள கம்பெனியின் கணிப்பொறி ஓய்ந்துபோனால் கைபேசியில் அதே ஒரு வரிதான் தெரியும். மேரி பிரவுன் அம்மையாரின் திட்டத்தில் வாயிலிலிருந்து படுக்கையறைக்குப் போக, படம் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

கள்வர் விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வைஃபையின் ஆதி விதிகளில், ‘இணைப்பைத் துண்டித்துக்கொள்’ என்று ரூட்டர் அனுப்பும் கட்டளைக்குக் கையொப்பம் கிடையாது. ரூட்டரைப் போல் வேஷம் போட்டு வேறு யார் அனுப்பினாலும் கேமரா பணிவோடு விலகிப்போகும். இந்தக் குறை ஆராய்ச்சியாளரால் 2003-லேயே செய்து காட்டப்பட்டது. 2009-ல் பரிகார விதி பிறந்தது. 2018-ல் வந்த டபிள்யூபிஏ3 என்ற வைஃபைப் பாதுகாப்பு முறை அதைக் கட்டாயமாக்கிற்று. மலிவு விலைக் கேமராக்கள் பலவற்றில் இன்னும் பழைய முறைதான் இருக்கிறது. கையொப்பம் இருந்தாலும், அலைவரிசை முழுவதையும் இரைச்சலால் நிரப்பி அடைத்துவிடும் சட்டவிரோதக் கருவிக்கு எதிரே எந்தக் கம்பியில்லாக் கேமராவும் ஊமைதான். தொடர்பு அறுந்திருக்கையில் தன்னுள்ளேயே சிறு நினைவு அட்டையில் பதிந்துகொள்ளும் கேமராவாக வாங்குவது, இதற்கு ஓரளவு மாற்று.

ஆகவே என்னுடைய தீர்ப்பு இதுதான்: வராந்தாவில் பூனை வந்ததா, பால் பாக்கெட் வந்ததா என்று பார்ப்பதற்குக் கம்பியில்லாக் கேமரா போதும், காவலுக்கு அது போதாது. ஒரே கம்பியில் மின்சாரத்தையும் படத்தையும் சேர்த்துச் செலுத்தும் விதி 2003-லேயே வந்துவிட்டது. 100 மீட்டர் தூரம் வரையில், ஏறக்குறைய 13 வாட் அளவுக்கு, அந்தக் கம்பி கேமராவின் வாயிலுக்கு ஆகாரம் அனுப்பும். கடையில் அதை பிஓஇ கேமரா என்று கேட்டால் கொடுப்பார்கள். விலை வித்தியாசம் பெரிதல்ல. சுவரை வெட்டிக் குழாய் பதிப்பதுதான் செலவு. புதிதாக வீடு கட்டுகிறவர்கள், கொத்தனார் பூசுவேலை தொடங்குமுன், மின்சாரக் குழாயை விட்டுச் சற்றுத் தள்ளி, கூடத்திலிருந்து வாயில் நிலைக்கு மேலே இன்னொரு வெற்றுக் குழாயைப் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.